தோட்டாவுக்கு வாய் மடித்தவர்

தீவுப்பகுதியில் மட்டுமல்ல, இந்த இலங்கை முழுவதிலுமே, வெடியைப் பற்றி அவ்வளவு பேசி ஒரு வெடியும் வைக்காத மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. எங்கள் ஊரான கரம்பொன்னில் 'வாய்மடிப்பர்' என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான், "ஓம், இந்த வீடுதான்" என்பா.

மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அங்கே துரை பன்றி சுடுவார். இவர் அவருக்குத் தோட்டா நிரப்பிக் கொடுப்பார். துரை சீமைக்குப் போகும்போது ஒரு ரைஃபிளையும் ஒரு ரிவோல்வரையும் தோட்டா நிரப்பும் இரும்பு மிசினையும் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இவர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்த கையோடு, லைசென்ஸ் துவக்குகளைப் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. ரைஃபிளையும் ரிவோல்வரையும் ஒப்படைத்தார்.

மிஞ்சியவை அந்த மிசின், ஒரு பிஸ்கட் ரின் நிறைய அச்சுகள், வெறும் பித்தளைக் கோதுகள், கொஞ்சம் ஈயக்குண்டு. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. வேறு ஒருவர் என்றால் மிசினைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். இவர் அன்றைக்குத்தான் வேலையைத் தொடங்கினார்.

வேலை என்னவென்றால், அச்சுத் தெரிவு செய்வது. சுட்ட தோட்டாவின் கோதில் திரும்ப மருந்தும் குண்டும் வைத்தால், குண்டு அசையாதபடி கோதின் விளிம்பை உள்ளே மடிக்க வேண்டும். அதைத்தான் அவர் வாய் மடிப்பு என்பார். மடிக்கிற அச்சில் இரண்டு சாதி. ஒன்று விளிம்பை உருட்டிக் குண்டின் பள்ளத்துக்குள் இறக்கும். மற்றது விளிம்பை மெல்லச் சரித்து அமத்தும். எந்தத் துவக்குக்கு எது? இந்தக் கேள்வியோடு அவர் ஏறாத வீடில்லை.

நான் அப்போது அங்கே தபாற்கந்தோரில் முத்திரை விற்கிற வேலையில் இருந்தேன். லண்டனில் இருந்த அவருடைய மருமகன், துவக்குச் சாமான் விற்கிற கடைகளின் விளம்பரத் தாள்களைக் கிழித்து அவருக்கு அனுப்புவான். கடிதத்தை என் முன்னாலேயே உடைத்து, என்னுடைய பசைப் போத்தலின் மூடியைக் கையில் எடுப்பார்.

"தம்பி, இது ரிவோல்வர் எண்டு வையும். ஒரு வெடி வைச்சா மற்ற அஞ்சு தோட்டாவும் துள்ளும். மடிப்புத் தளர்வெண்டா குண்டு முன்னாலை நகரும். நகர்ந்தா தோட்டா இருக்கிற சில்லுச் சுத்தாது. சுத்தாட்டி?"

"சுத்தாட்டி என்ன ஐயா?"

"பன்றி வந்து உம்மை இடிக்கும்!"

வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமை இழந்து என்னிடம், "அண்ணை, பன்றி வாறதுக்கு முன்னம் எனக்கொரு முத்திரை தாரும்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப நல்லா இறுக்கி மடியுங்கோவன் ஐயா" என்றேன்.

"இறுக்கினாக் கோது வயிறு வைக்கும்! வயிறு வைச்சா துவக்கின்ர அறைக்குள்ளை போகாது!"

"ரிவோல்வரே பொலிசிலை எல்லோ கிடக்கு?"

"எண்டைக்கோ ஒருநாள் திரும்பி வரும் தம்பி. அப்ப நான் இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டு நிக்கேலுமே?"

ஒரு முறை பக்கத்து வீட்டில் குழந்தைக்கு முதற்பல் முளைத்ததற்குப் பல்லுக் கொழுக்கட்டை. பெண்கள் வட்டமாக இருந்து கொழுக்கட்டையின் விளிம்பைப் பல்லுப் பல்லாக மடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நேரே குசினிக்குள் போய், ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது உருட்டு மடிப்பு. ஆனா உள்ளுக்கை வைச்ச உள்ளுடன் கூடிப்போச்சு. இது வெடிக்கும்."

அகப்பையால் துரத்தினார்கள். அவித்து இறக்கியபோது அந்தக் கொழுக்கட்டை வாய் பிளந்துதான் கிடந்தது. கரம்பொன்னில் அவர் கண்ட ஒரே வெடி அதுதான்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட ரீச்சர். ஊருக்கெல்லாம் ரீச்சரக்கா. அவர் பேச்சைத் தொடங்கினால் அவ எழும்பிப் போய்விடுவா. "உலகத்திலை இருக்கிற வாயெல்லாத்தையும் மடிக்கத் தெரியும், இந்த மனிசனுக்குத் தன்ர வாயை மட்டும் மடிக்கத் தெரியாது" என்று கிணற்றடியில் சொல்லுவா. அவர் காதில் விழும்படியாகத்தான் சொல்லுவா.

இந்தப் பேச்சு ஊரைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு பின்னேரம் மூன்று இயக்கப் பொடியள் சைக்கிளில் தபாற்கந்தோருக்கு வந்தார்கள். ஒருவனுடைய கரியரில் ஒரு சாக்கு.

"தோட்டா நிரப்புற ஐயான்ர வீடு எது?"

நானே கூட்டிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்ய?

மூத்தவன் மரியாதையாகத்தான் பேசினான். "ஐயா, இதெல்லாம் வெறுங்கோது. மருந்து நாங்கள் தாறம். நீங்கள் நிரப்பித் தரவேணும்."

சாக்கை விறாந்தையில் கொட்டினான். வாய்மடிப்பர் நெஞ்சில் கையை வைத்தார். பயத்தில் அல்ல.

"என்ன தம்பி இது! ரைஃபிள் கோதும் ரிவோல்வர்க் கோதும் ஒண்டாய்க் கிடக்குது! இருங்கோ. கதிரையிலை இருங்கோ."

ரீச்சரக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டா. "தம்பி, இந்த மனிசன் ஓமெண்டா ஆமிக்காரன் வந்து வீட்டைக் கொளுத்துவான். ஏலாதெண்டா இவங்கள் கொண்டு போவாங்கள். நான் என்ன செய்வன்?" அவவின் கண்ணில் நான் கண்ணீர் கண்டது அன்றைக்குத்தான்.

தேத்தண்ணி கொண்டு வெளியே வந்தோம். பிஸ்கட் ரின் திறந்திருந்தது. அச்சுகள் வரிசையாக நின்றன. அவர் ரிவோல்வரில் தொடங்கியிருந்தார். தேத்தண்ணி ஆறியது. பிறகும் ரிவோல்வர்தான். ஒருவன் கதிரையிலேயே தூங்கிவிட்டான்.

"ஐயா, எது நல்லதெண்டு ஒண்டைச் சொல்லுங்கோவன்" என்றான் மூத்தவன்.

"அதைத்தானே தம்பி வருசக்கணக்காய் யோசிக்கிறன்! உருட்டு மடிப்பெண்டா எல்லாக் கோதும் ஒரே நீளத்திலை இருக்கவேணும். இதுகளை ஒவ்வொண்டாய் அளக்கவேணும். நீர் இதைப் பிடியும்."

மூத்தவன் முகம் இறுகியது. "அப்ப நீங்கள் எங்களோடை வாங்கோ. அங்கை இருந்து செய்யலாம்."

ரீச்சரக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா.

வாய்மடிப்பரின் முகம் மலர்ந்துவிட்டது! "வாறன் தம்பி! அங்கை கேக்கிறதுக்கு எத்தினை பேர் இருக்கினம்? மிசினைப் பூட்ட ஆடாத மேசை வேணும். என்ர சாய்மனைக் கதிரையும் வரவேணும், அதிலை சாஞ்சாத்தான் எனக்கு யோசனை ஓடும். போற வழியிலை ரைஃபிளைப் பற்றிச் சொல்லுறன், அது ரிவோல்வரைப்போலை லேசான விசயமில்லை."

மூத்தவன் அவரைப் பார்த்தான். சாய்மனைக் கதிரையைப் பார்த்தான். தூங்குகிறவனைப் பார்த்தான். இந்த மனிதரைச் சைக்கிள் பாரில் வைத்துத் தங்கள் இடமான வேலணை வரைக்கும் உழக்குவதை அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

"ஐயா, நீங்கள் இருங்கோ" என்றான் மெல்ல. "நாங்கள் பிறகு வாறம்."

கோதுகளை அள்ளி, தூங்கியவனை எழுப்பி, மூன்று பேரும் சைக்கிளை எடுத்தார்கள். போன வேகத்தில் படலையைச் சாத்தவும் இல்லை. இவர் பின்னாலேயே ஓடினார்.

"தம்பியவை! ரைஃபிளைப் பற்றி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை!"

தந்திரம் செய்து அவர்களைத் துரத்தினார் என்று பிறகு ஊரில் சிலர் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றவன். தந்திரமாவது மண்ணாவது. திரும்பி வந்த அவருடைய முகம், பந்தியிலிருந்து பாதியில் எழுப்பி விடப்பட்ட ஆளின் முகம்.

"கேக்கப் பொறுமை இல்லாத பொடியள்" என்று சொல்லிக்கொண்டு அச்சுகளைத் துடைத்து ரின்னில் போடத் தொடங்கினார்.

ரீச்சரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. ஓர் அச்சைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினா.

"இஞ்சாருங்கோ, அந்த ரைஃபிள் விசயம் என்ன?"

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "உமக்கு ஏன் இப்ப அது?"

"சும்மா சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரின்னிலிருந்து அச்சுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே எடுத்து வைத்தார். நான் கந்தோரைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தேன், போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எனக்கும் அன்றைக்கு இருந்து கேட்க ஆசையாகத்தான் இருந்தது.