பேரிங் சாரின் அடைகல்லும் சீனி என்ற காளையும்

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரியாத மனிதர் மதுரை வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் பேரிங் சார். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரை விட்டு நானும் அவரும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் ஆளை மறைக்கும் கரும்பு. பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை, கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, எங்களையே பார்த்துக்கொண்டு வந்தது. மறுபடி திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாருக்கு நேரம் இல்லை. அவர் வண்டியில் இருந்த இரும்பையே ரசித்துக்கொண்டு வந்தார்.

“சத்தத்தக் கவனிச்சீங்களா தம்பி? எப்படிப் பேசுது பாருங்க” என்றார்.

எனக்கு அந்த இரும்பைவிடக் காளையின் மூச்சுதான் நன்றாகக் கேட்டது.

நான் அப்போது விளாங்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஓட்டல், லாரி கிளீனர், செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். ராத்திரி படுக்கையும் கடையிலேயே, காலிச் சாக்கின் மேல். சார் திருநகர்க்காரர். சௌராஷ்டிரக் குடும்பம். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாரோ ஒருவன் வீட்டுக் கொல்லையில் உலை போட்டுக் கத்தி அடிப்பதைச் செல்போனில் பார்த்த நாளிலிருந்து அவருக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. லாரியின் பிரேக் டிரம்மைத் திருப்பி வைத்து உலையாக்கினார். காற்றுக்கு வீட்டம்மாவின் முடி காயவைக்கும் மெஷின். அந்த அம்மா ஈரத்தலையோடு அதைத் தேடி வந்தபோது அதன் மூக்கு நெருப்புக்குள் இருந்ததாம்.

பாக்கி இருந்தது அடைகல் ஒன்றுதான். கொல்லர்கள் காய்ச்சிய இரும்பை மேலே வைத்து அடிக்கிற அந்தக் கனத்த இரும்புக் கட்டி. அதைப் புதிதாக வாங்க அவருக்கு மனம் வரவில்லை. அடிபட்டுப் பழகியதுதான் வேண்டும் என்று எங்கள் கடைக்குத் தேடி வந்தவர், என்னையும் கூட்டிக்கொண்டு அலைந்தார். அதைச் சோதிக்கச் சட்டைப்பையில் ஒரு பேரிங் குண்டு வைத்திருந்தார். பேரிங் சார் என்ற பெயர் வந்தது அதனால்தான். நெஞ்சு உயரத்திலிருந்து குண்டை விடுவார். அது துள்ளி மேலே வந்தால் கல்லுக்கு உயிர் இருக்கிறது. தொப்பென்று விழுந்து கிடந்தால் செத்த கல்.

இந்தச் சோதனையை அவர் அடைகல்லோடு நிறுத்தவில்லை. தண்டவாளத்தில் விட்டுப் பார்த்து கேட் கீப்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நின்ற ரோடு ரோலரில் விட்டு, அதன் நிழலில் தூங்கிய டிரைவரை எழுப்பினார். ஆயுத பூஜை அன்று ஒரு பட்டறைக்குப் போனார். சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்த அடைகல்லில் குண்டை விட்டுவிட்டு, சுண்டலைக் கையில் வாங்கியபடி முதலாளியிடம், “உங்க கல்லுல உயிரே இல்லீங்க” என்றார். தெருவில் உடைக்க வைத்திருந்த பூசணிக்காய் அவர் தலைக்கு மிக அருகில் போய் வந்தது. நான்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதும், “பொய்யா சொன்னேன்?” என்று கேட்டார்.

இப்படி ஊரெல்லாம் அலைந்து ஓய்ந்த சமயத்தில்தான் பேச்சியக்கா வீட்டில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. பேச்சியக்கா சீனி என்ற இந்தக் காளையை வளர்ப்பவர். எந்த முளையில் கட்டினாலும் பிடுங்கி எறிகிற காளை என்பதால், ஒரு கொல்லர் விட்டுப்போன அடைகல்லின் இடுப்பில் கயிற்றைப் போட்டு அதைக் கட்டிவைத்திருந்தார். சார் குண்டை விட்டார். அது நேராக அவர் கைக்கே திரும்பி வந்தது. அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பேச்சியக்காவும் யோசிக்காமல் விலைக்குக் கொடுத்துவிட்டார். காளையை வேப்பமரத்துக்கு மாற்றிக் கட்டினார். கல்லோடு கிடந்த பழைய சம்மட்டியையும் சேர்த்துக் கொடுத்து, தள்ளுவண்டியும் தந்துவிட்டு, மதுரைக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். எங்களுக்குப் பேசி வைத்த குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி மெயின் ரோட்டில் நின்றது. அதுவரை தள்ளிக்கொண்டு போனால் போதும்.

சார் சம்மட்டியை அடைகல்லின் மேலேயே வைத்தார். பாதையெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் சம்மட்டி எழும்பிக் கல்லில் விழுந்தது. டிங். அடுத்த குழி. டிங்.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களையும், வேப்பமரத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் வந்த சீனியையும் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வரப்பின் மேல் ஏறிக்கொண்டார்.

“அண்ணே, அந்தச் சத்தத்த முதல்ல நிறுத்துங்க. பேச்சியக்கா அந்தக் கல்லுல தட்டித்தான் அதுக்குத் தீனி வைக்கும்.”

நான் சம்மட்டியைத் தூக்கினேன். காளை நின்றது.

“தட்டிட்டு வைக்கலேன்னா என்ன செய்யும்?” என்று கேட்டேன்.

“வைக்காம இருந்ததே இல்லண்ணே. யாருக்குத் தெரியும்?”

சீனி தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது. இத்தனை நேரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு இலை போடாதவர்கள் நாங்கள். மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பஸ்கள் வரிசையாகப் போயின. வண்டியை விட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடிவிடலாம் என்று சாரின் காதில் சொன்னேன்.

“நாம ஓடிடலாம். பசியில அது ரோட்டுக்கு ஏறிட்டா? பஸ்ஸுல மோதிச் செத்துப்போகும். இல்ல, பிள்ளைங்களக் குத்தும்” என்றார். பிறகு அடைகல்லை ஒரு தடவை பார்த்தார். “கூட்டிட்டு வந்தது நாம. திருப்பிக் கொண்டுபோய் விடுவோம்.”

இடது பக்கம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, கரை வழியே சுற்றினால் பேச்சியக்கா வீட்டுக் கொல்லைக்குப் போகலாம் என்று வரப்பில் நின்றவர் கைகாட்டினார். இறங்கி வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். ஆனால் ஒரு கட்டுக் கரும்புத் தோகையைத் தூக்கி வண்டியில் எறிந்தார்.

நான் முன்னால் நின்று இழுத்தேன். சார் வண்டிக்குப் பின்னால், காளையைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து வந்தார். கல்லில் ஒரு தட்டு, காளைக்கு ஒரு தோகை. கொம்பு அவர் சட்டைப் பொத்தானை உரசியது. அப்போதும் கட்டிலிருந்து அடுத்த தோகையை உருவினார். தமிழில் ஏதோ சொல்லிப் பார்த்தவர், பிறகு வீட்டில் மட்டும் பேசுகிற சௌராஷ்டிரத்துக்கு மாறிவிட்டார். என்ன சொன்னார் என்று தெரியாது. காளை காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தது. அப்படியே கொல்லைக்கு வந்து சேர்ந்தோம்.

கல்லைப் பழைய இடத்தில் இறக்கியதும் சீனி அதன் மேல் தாடையைத் தேய்த்துக்கொண்டு படுத்தது. ரோட்டில் காத்திருந்த குட்டியானை போய்விட்டது. சொல்லாமல் வந்ததற்காக என் வேலையும் போய்விட்டதாகக் கடை முதலாளி போனில் சொன்னார். சாயங்காலம் திரும்பி வந்த பேச்சியக்கா நடந்ததைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“கொம்புல தூக்கியிருந்தா உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல? வாங்குனது வாங்குனதுதான் சார். கல்ல எடுத்துக்கங்க, நான் வேற எதுலயாவது தட்டிப் பழக்குறேன்.”

சார் கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். வேறு கல் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“கல்லு இங்கயே இருக்கட்டும்மா. உலையத் தூக்கிட்டு நான் இங்க வாரேன். ஒரு ஓரமா அடிச்சுக்கிறேன்.”

“தாராளமா அடிங்க. ஆனா நீங்க அடிக்கிற அம்புட்டு அடிக்கும் இது தீனி கேக்குமே. யாரு போடுறது?”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். சார் அடிக்க அடிக்க, காளைக்கு முன்னால் உட்கார்ந்து பருத்திக்கொட்டையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிற வேலை. அவர் அடித்த முதல் கத்தி வாழைப்பழத்தைக்கூட வெட்டவில்லை. எந்த வேலையிலும் ஒட்டாதவன் நான். இதில் மட்டும், அவர் கை ஓங்கும்போதெல்லாம், இன்னும் ஒரு அடி அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.