கழுதை ஏன் விளக்கை அணைத்தது?

"இன்னிக்கும் படிக்கலையா நீ?"

கேட்டவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்கிற ஆள். ஆனால் மூன்றாம் வகுப்பு மகளின் வாசிப்பு அட்டையைப் பார்த்தால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வேர்த்தது.

பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய அட்டை. முப்பது கட்டங்கள். தினமும் வீட்டில் கால் மணி நேரம் வாசிப்பு, அதற்குச் சாட்சியாகப் பெரியவர் ஒருவரின் கையெழுத்து. மாதக் கடைசியில் வாசிப்பு விழா, பரிசு. முதல் மூன்று கட்டங்கள் துடைத்து வைத்தாற்போலக் காலி.

"கண்ணு வலிக்குதுப்பா" என்றாள் மகள், எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயும் துணிகளை எண்ணியபடி.

"துணி எண்ணும்போது வலிக்கலையா?"

"அது தூரத்துல இருக்கு. தூரம் வலிக்காது."

அவரால் அதை அப்படியே விட முடியாது. காரணம் இருந்தது. 'என் பொண்ணுக்குப் புத்தகம்னா சோறு தண்ணி வேணாம்' என்று வேலையிடத்தில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாயிற்று. சூபர்வைசர் வரை செய்தி போய்விட்டது.

"சரி, ஒரு டீல். முதல் பக்கம் நான் படிக்கிறேன். ரெண்டாவது பக்கம் நீ."

"டீல்."

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அவர் படித்ததெல்லாம் மின்சுற்றுப் படங்களும் அபாயப் பலகைகளும்தான். கதையையும் அதே குரலில் ஆரம்பித்தார். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு கழுதையின் கதை.

"அப்பா, அங்க கழுதை பேசுது. நீங்க கரெண்ட் பில் படிக்கிறீங்க."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. அடித்தொண்டையிலிருந்து ஒரு கழுதையைக் கிளப்பினார். இரண்டே நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கையில் தைலத்தோடு.

அவரை அனுப்பிவிட்டு வந்து ஒரு பக்கம், இரண்டு பக்கம், எட்டுப் பக்கம் தாண்டினார். புயல். கொந்தளிக்கிற கடல். தூரத்தில் ஒரு கப்பல். கழுதை இருட்டுப் படிக்கட்டில் ஒவ்வொரு குளம்பாக ஏறுகிறது. விளக்கின் முன்னால் நிற்கிறது. மூச்சை இழுக்கிறது. ஒரே ஊது! விளக்கு அணைந்தது.

"போதும்ப்பா. நான் விளையாடப் போறேன்."

"ஏய்! கப்பல் என்ன ஆகும்?"

"நாளைக்குப் பார்த்துக்கலாம்."

புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவிட்டாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணி. ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்ட். அதன் கூரைமேல் சம்மணம் போட்டு, தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில் அவர். பழுது பார்த்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பதினாறு மாடிக்காரர்களும் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

மேலே கதவு திறந்தது. சூபர்வைசரின் தலை எட்டிப் பார்த்தது.

"என்னய்யா பண்றே?"

"மேனுவல் பார்த்துட்டு இருக்கேன் சார்."

"அட்டையில கழுதை படம் போட்டிருக்கே? இது என்ன, கழுதை இழுக்கிற மாடலா?"

அவர் புத்தகத்தை டிபன் பாக்ஸுக்குப் பின்னால் தள்ளினார்.

"இன்னொரு தடவை பார்த்தேன், கழுதையும் நீயும் வேற வேலை தேடிக்கோங்க!"

திட்டு வாங்கியும் திருந்தவில்லை. கப்பலின் கதி தெரிந்துவிட்டது. ஆனால் மகள் அதற்குள் பள்ளியிலிருந்து அடுத்த புத்தகத்தோடு வந்துவிட்டாள். அதற்கடுத்து இன்னொன்று. மாதம் முடிவதற்குள் மொத்தம் ஐந்து. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் படிக்க, உயிர் தொண்டைக்குழிக்கு வரும் இடமாகப் பார்த்து அவள் விளையாட ஓட, மீதியை அவர் டிபன் பாக்ஸ் மறைவில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவளுடைய 'ரெண்டாவது பக்கம்' மட்டும் வரவே இல்லை.

"படிச்சதும் நான், கையெழுத்துப் போட்டதும் நான்" என்று மனைவியிடம் புலம்பினார். "இது ஃபோர்ஜரி இல்லையா?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, யாருடைய கையெழுத்தையும் சுலபத்தில் நம்பாதவள். அவளே, "வாசிப்பு நடந்துச்சா இல்லையா? பேசாம போடுங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

முதல் மூன்று போக மீதி எல்லாக் கட்டமும் நிரம்பியது. கூடவே பள்ளியிலிருந்து ஒரு சீட்டும் வந்தது. 'வாசிப்பு விழா. புத்தகங்களைப் பற்றிக் கேள்விகள் கேட்கப்படும். பெற்றோர் தவறாமல் வரவும்.'

போச்சு. ஊர் முன்னால் குழந்தை பேந்தப் பேந்த விழிக்கப்போகிறது. அப்பன் செய்த திருட்டுக்கு அவள் தலைகுனியப்போகிறாள். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஐந்து புத்தகங்களையும் மறுபடி ஒரு முறை வரி விடாமல் படித்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து சைகையிலேயே பதில் சொல்லிவிடுவது என்று திட்டம்.

"காதைத் தொட்டா கழுதை. மூக்கைத் தொட்டா கப்பல். புரியுதா?"

"சரிப்பா" என்றாள் மகள், ரொம்பச் சமர்த்தாக.

விழா நாள். ஹால் நிரம்பி வழிந்தது. அப்பாவும் மகளும் முதல் வரிசை. மிஸ் மைக்கோடு நேரே அவர்கள் எதிரில் வந்து நின்றார்.

"கலங்கரை விளக்கத்துக் கழுதை ஏன் விளக்கை அணைச்சுது?"

மகள் வாயே திறக்கவில்லை. அவர் காதைத் தொட்டார். மூக்கைத் தொட்டார். காதையும் மூக்கையும் சேர்த்துத் தொட்டார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். ஐந்து விநாடி. பத்து விநாடி.

தாங்க முடியவில்லை அவரால். துள்ளி எழுந்தார்.

"ஏன்னா அது கொள்ளைக்காரங்க கப்பல் மிஸ்! வெளிச்சம் இருந்தா நேரா ஊருக்குள்ள வந்துடுவாங்க! அந்தக் கழுதையை எல்லாரும் முட்டாள்னு திட்டினாங்க, அதுதான் மிஸ் ஊரையே காப்பாத்துச்சு!"

அதோடு நின்றாரா? புயலாக ஊதினார். படிக்கட்டு ஏறினார். அடித்தொண்டையிலிருந்து கழுதையைக் கிளப்பினார். அடுத்த கதைக்குள்ளும் பாதி தூரம் போன பிறகுதான் ஹால் நிசப்தமாக இருப்பது உறைத்தது.

கெடுத்துவிட்டோம். மொத்தமாகக் கெடுத்துவிட்டோம். அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

மிஸ் முதலில் கை தட்டினார். பிறகு ஹாலே தட்டியது.

"இந்த வருஷம் முதல் பரிசு..." மிஸ் சொன்னது அவர் மகளின் பெயரை!

ஒரு வரி படிக்காத பெண்ணுக்குப் பரிசா? கோப்பையோடு மேடையில் நின்றவள், பிள்ளை முதல் மார்க் வாங்கிய பெற்றோரைப்போலப் பூரித்துப்போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து மகளின் வகுப்புத் தோழி, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி, அவர் தோளைத் தட்டிப் பெருமூச்சு விட்டாள்.

"வீட்டுல புத்தகமே தொடாத பெரியவங்க ஒருத்தரைப் பிடிச்சு ஒரே மாசத்துல படிக்க வைக்கணும்னுதானே அங்கிள் போட்டி, அவளுக்கு நீங்க கிடைச்சீங்க, ஜெயிச்சுட்டா, எனக்கு எங்க மாமா கிடைச்சாரு, இன்னும் புத்தகத்தோட மேலட்டையையே தாண்டலை!"