கரடிக்குட்டி இளைத்த கதை

ஒரு காட்டில், வெயில் பட்டால் மகள் கறுத்துவிடுவாள் என்று பயந்த கரடி ஒருத்தி இருந்தாள். பெயர் வடிவு. மகள் குமுதாவைக் குகைக்குள் உட்காரவைத்து, கையில் செல்போனைக் கொடுத்து, தேனில் ஊறிய பலாச்சுளையை ஊட்டுவாள். குட்டி வாயை மூடினால் படத்தை நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் குரங்குக்குட்டிகள் குமுதாவை நாவல் மரத்துக்கு விளையாடக் கூப்பிட்டன. முதல் கிளைக்குக்கூட அவளால் ஏற முடியவில்லை. மூச்சு இரைத்தது.

"நீ கீழேயே உருண்டுக்கிட்டு இரு, குண்டம்மா" என்றன குரங்குகள்.

குமுதா வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பலாச்சுளையைத் தொடவில்லை. பதறிப்போன வடிவு கொக்கு டாக்டரிடம் ஓடினாள்.

"பசிச்சா மட்டும் சாப்பாடு போடுங்க. போனைப் பிடுங்கிக்கிட்டு வெளியே விரட்டுங்க" என்றார் ஒற்றைக் காலில் நின்ற டாக்டர்.

"வெயில்ல கறுத்துடுவாளே, டாக்டர்?"

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கால் மாற்றி நின்றார். "அதை நான் பார்த்துக்கறேம்மா" என்றார்.

மழைக்காலம் ஓய்வதற்குள், தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதைக் குமுதா கண்டுபிடித்தாள். மரத்தில் பாதி தூரம் ஏறினாள். உடனே ஊர் திரண்டுவிட்டது.

முதலில் வந்தவள் காட்டுப்பன்றி பாக்கியம். "என்னடி வடிவு, புள்ளை இப்படி வத்திப்போச்சு? வீட்ல அடுப்பு எரியலையா?" என்று ஒரு கூடை வள்ளிக்கிழங்கை இறக்கினாள். யானைப் பெரியம்மா வாழைத்தாரோடு வந்தாள். "பொம்பளப் புள்ளை பூசினாப்ல இருந்தாத்தான் அழகு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருவேளை மாற்றாந்தாயோ?" என்று மயில், வடிவின் காதில் விழும்படியாக, யாரையோ கேட்டாள்.

வடிவுக்கு உடம்பே கூசிப்போயிற்று. பலாச்சுளையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள்.

"ஒரே ஒரு வாய் வாங்கிக்க, கண்ணு. ஊர் வாயை அடைக்கணும்."

"பசிக்கலைம்மா" என்று குமுதா அடுத்த கிளைக்குத் தாவினாள். அந்தத் தாவல் அழகாக இருந்தது. 'இறங்குடி கீழே' என்று அதட்ட வாயைத் திறந்த வடிவு, கையிலிருந்த சுளையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

கிழங்கை வீணாக்க முடியுமா? அதையும் தின்றாள். வாழைப்பழம் அழுகிவிடுமே என்று அதையும். வந்தவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். தை பிறந்தபோது குகை வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வடிவு சிக்கிக்கொண்டாள்.

"பெத்த புள்ளையைப் பட்டினி போட்டுட்டு, தான் எப்படிக் கொழுத்திருக்கா பாரு!" என்றாள் பாக்கியம், அடுத்த கூடையை அவள் முன்னால் வைத்தபடி.

அப்போது உச்சிக்கிளையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா! இங்கேருந்து ஆறு தெரியுதும்மா!"

வாய் நிறையக் கிழங்கு. வடிவு தலையை மட்டும் ஆட்டினாள்.

நீதி: பிள்ளையின் உடம்பில் குறைகிற எடை காற்றில் கரைந்துவிடுவதில்லை, கெட்ட பெயரையும் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் குடியேறிவிடும்.