கரிக் காரில் போன மாப்பிள்ளை

மாப்பிள்ளை ஆகப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாது. எனக்குப் பெண் பார்த்த அன்றே நின்றுவிட்டது.

யுத்த காலம். ஆறுமுகநேரியிலிருந்து என்னையும் அப்பாவையும் கல்யாணத்துக்கு அழைத்துப் போக, பெண்ணின் தம்பி செல்வம் தூத்துக்குடியிலிருந்து அவர்கள் வீட்டுப் புதுக் காரை ஓட்டி வந்திருந்தான். சின்னக் கார். துளி பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும். நாலு பேர் முழங்காலை மடக்கி உட்காரலாம். நான் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இந்தத் தகர டப்பாவுலயா மாப்பிள்ள வாரது?" என்றேன். (வாய்க் கொழுப்பு, வேறென்ன?)

நான் ஏற்கெனவே ஒரு முத்து வியாபாரியின் பழைய பெரிய காரை இரவல் கேட்டு வைத்திருந்தேன். முத்துக் குளிப்பு நன்றாக நடந்த காலத்தில் அவர் வாங்கியது. தோல் மெத்தை, பளபளக்கும் விளக்குகள், உள்ளே பூச்சாடிக்குக்கூட இடம். ஒரே குறை, பங்கீட்டில் கிடைத்த பெட்ரோல் அதன் பசிக்குக் காணாது. அதனால் பின்னால் ஆளுயர டிரம் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள்.

கறுப்பு டிரம் என் கண்ணை உறுத்தியது. சிவப்பு ஜமுக்காளத்தால் அதை இறுக்கிப் போர்த்தி, மேலே மல்லிகைச் சரம் சுற்றினேன். டிரைவர் அண்ணாச்சி அப்போது காப்பி குடிக்கப் போயிருந்தார்.

பழையகாயல் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே நாங்கள் ஏறிவந்த பெரிய கார் இருமியது, முனகியது, நின்றது.

"ஏலே, முகூர்த்தம் தப்பிச்சுன்னா அந்தப் பிள்ளைய வேற எவனுக்காவது கெட்டிக் குடுத்துருவாவ" என்றார் அப்பா. அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அண்ணாச்சி பின்னால் போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எவம்ல இதப் போத்துனது? காத்துப் போற ஓட்டைய அடச்சா கரி எப்படி எரியும்?"

நான்தான் என்று சொல்ல மானம் விடவில்லை. உதவுகிறேன் பேர்வழி என்று குனிந்து ஜமுக்காளத்தை உருவி, டிரம் மூடியையும் திறந்தேன். "தெறக்காதீரும்!" என்று அவர் கத்துவதற்குள் குப்பென்று ஊதியது. பாதி மீசை பொசுங்கிவிட்டது. முகம், பட்டு வேட்டி எல்லாம் கரி.

பின்னாலேயே வந்த செல்வம் காரை நிறுத்தினான். அவன் சிரிக்கவில்லை. (அதுதான் கொடுமை.)

"அத்தான், தகர டப்பா வந்திருக்கு. ஏறுதியளா?"

ஏறினேன். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். டப்பா பறந்தது. முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். முகம் கழுவ நேரமில்லை. துண்டால் துடைத்ததில் கரி காதுவரைக்கும் பரவியதுதான் மிச்சம்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அக்கா, மை தொட்ட விரலோடு என் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏளா, திருஷ்டிப் பொட்டு வைக்க எடமே இல்லியே! இவர் மேல எந்தக் கண்ணு படப் போவுது?"

பந்தலே சிரித்தது. மணவறையில் இருந்த பெண்ணும் சிரித்தாள். தாலி கட்டும்போதும் அவள் சிரிப்பை அடக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் எலுமிச்சம்பழம், பூசணிக்காய் என்று எதையும் தேடுவதில்லை. போன மாதம் பேரன் கார் வாங்கி வந்தபோதும் வாசலிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது:

"ஏங்க, இங்கன வந்து வண்டி முன்னால கொஞ்சம் நில்லுங்க. கண்ணு பட்டுரப் போவுது!"