கால் முடிக்குக் கிராம்பு வைத்தியம்

சனிக்கிழமை காலை எங்கள் சந்தையில் கரும்புச்சாறு கடையை மறைத்துக்கொண்டு ஒரு வரிசை நின்றது. நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேரும் முழங்காலுக்கு மேல் உடுப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தார்கள். பிரேசிலில், ரியோ நகரை ஒட்டிய ஊரில் கால் தெரிவது அதிசயமில்லை. அத்தனை காலிலும் கிராம்பு மணத்தது, அதுதான் அதிசயம்.

வரிசையின் முனையில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காலணி, கழுத்தில் வெள்ளிப் பிறை. அவர்தான் புரொபசர் அஸ்தோல்ஃபோ. எந்தக் கல்லூரியில் புரொபசர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நிலா கோபித்துக்கொள்ளுமாம்.

தேய்பிறையில் மெழுகு போட்டு முடி எடுத்தால் மெல்ல வளரும் என்று எங்கள் பெண்களுக்குள் வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. நிலா தேய்ந்தால் முடியும் தேயுமாம். மெழுகு போடுகிற சுலெய்டியிடம் கேட்டால் அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். தேய்பிறையில் அவள் கடை நிரம்பி வழியும். எதற்கு வாயைத் திறப்பாள்?

புரொபசருக்கு நிலா மட்டும் போதவில்லை. அகராதியிலும் கை வைத்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் ஆணிக்கும் கிராம்புக்கும் ஒரே பெயர். மெழுகில் எடுத்த முடி திரும்ப முளைக்கும்போது சில சமயம் வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். அந்த இடம் சிவந்து சின்னக் கட்டியாகும். அதை ‘ஆணியடித்த முடி’ என்போம். சும்மா ஒரு பேச்சுக்கு வைத்த பெயர்.

புரொபசர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். ஆணி இருக்கிறதென்றால் அடித்த கை ஒன்று இருக்க வேண்டாமா? அது பொறாமைக்காரியின் கை. அடித்த ஆணியை எது பிடுங்கும்? அதே பெயருள்ள கிராம்புதான் பிடுங்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடலாம்.

வைத்தியம் கண்முன்னே நடக்கும். கிராம்பு விழுது பூசிய துணி ஒன்றைப் பையிலிருந்து எடுப்பார். நிலாவைப் பார்த்து முணுமுணுப்பார். பகல் பதினோரு மணிக்கு நிலா எங்கே என்று கேட்கக் கூடாது. துணியால் காலைத் தேய்த்து, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசுவார். விழுது கரையும். கருகருவென்று குட்டி முடிகள் மிதக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும்.

பிறகு எண்ணெய் தடவி ‘நிலாப் பூட்டு’ போடுவார். பூட்டியபின் இரண்டு வாரத்துக்கு முடி தலைகாட்டாது. மெழுகு போட்ட காலில் இரண்டு வாரம் முடி தலைகாட்டாதுதான். அது மெழுகின் வேலை. பக்கத்தில் நின்று கும்பிடு வாங்கிக்கொண்டது புரொபசரின் வேலை. அப்புறம் முளைத்தால்? பொறாமைக்காரி மறுபடி வந்துவிட்டாள், அடுத்த தேய்பிறைக்கு வா. ஒரே நிபந்தனை: தேய்த்துக் குளிக்காதே, களிம்பு போடாதே, டாக்டரிடம் போகாதே. போனால் பூட்டு திறந்துகொள்ளும்.

இந்தப் பூட்டுக்குள் அகப்பட்டவள் எங்கள் இவொனெத்தி. நகராட்சி நீச்சல் குளத்தில் எங்களைப் போன்ற வயதானவர்களுக்குத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள். அந்தக் குளத்தில் இறங்க டாக்டர் தோலைப் பார்த்துச் சீட்டுத் தர வேண்டும். சொல்லித் தருகிறவளுக்கும் அதே சட்டம்தான்.

நாள் முழுக்க நீச்சல் உடையில் நிற்பவள் என்பதால் காலில் முளைத்த முடி முள்ளாகத் தட்டினாலும் அவளுக்குப் பொறுக்காது. ஒரு தடவை மெழுகு போட்டு, அடுத்ததற்குள் பத்துத் தடவை பிளேடு போடுவாள். மீதி நேரம் தோலோடு ஒட்டிய ரப்பர் மாதிரிக் கால்சட்டை. தொடையெல்லாம் சிவப்புப் புள்ளி. சுலெய்டி அவளிடம் சொல்லாத நாள் இல்லை.

“பிளேடைத் தூக்கிப் போடுடீ. முடி கொஞ்சம் வளரட்டும், அப்பதான் மெழுகு பிடிக்கும். போட்டு ரெண்டு நாள் வெயிலும் வேணாம், சுடுதண்ணியும் வேணாம். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு வாட்டி பீர்க்கங்காய் நாரால மெல்லத் தேய். கிரீம் தடவு. தளர்ந்த பருத்தித் துணி போடு. புள்ளியை நோண்டாத.”

“அவ்வளவுதானாக்கா?”

“வேற என்ன வேணும், மேளமா?”

மேளம்தான் வேண்டியிருந்தது. பீர்க்கங்காய் நாருக்கு வெள்ளைக் கோட்டு கிடையாது, பிறையும் கிடையாது. இவொனெத்தி புரொபசரிடம் போய்க் காலைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

பூட்டிய கால் வீங்கியது. நார் படாத தோலுக்குள் முடி நிம்மதியாகச் சுருண்டு படுத்தது. மேலே கிராம்பெண்ணெய் எரிச்சல் வேறு. புள்ளிகள் கட்டிகளாயின, இரண்டு கட்டிகள் சீழ் வைத்தன. குளத்துச் சீட்டுக்காக வேறு வழியில்லாமல் போனபோது, டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சீட்டுத் தர முடியாது என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். மாத முடிவுக்குள் ஆறாவிட்டால் வகுப்பு வேறொருத்திக்குப் போய்விடும் என்று குளத்துக்காரர்கள் சொன்னார்கள்.

அவள் களிம்பு வாங்கவில்லை, புரொபசரிடம் ஓடினாள். அவர் கட்டிகளைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். “மெழுகு போட்ட கைதாம்மா ஆணியடிச்ச கை. அவகிட்ட இனிமே போகாத. சனிக்கிழமை சந்தைக்கு வா. எல்லார் முன்னாடியும் பெரிய ஆணியையே பிடுங்கிடறேன்.”

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. அந்த வாரம் தேய்பிறையிலும் சுலெய்டி கடை காலி. பத்து வருஷம் அவளிடம் கால் நீட்டியவர்கள் தெருவில் அவளைக் கண்டதும் காலை மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள்.

எங்கள் குளத்து வகுப்பில் மர்லூசியா என்று ஒருத்தி. வானொலியில் மழை வரும் என்றால், எந்தத் தெருவில் என்று கேட்கிறவள். பயிற்சியின்போது கூட, இந்தக் கையைத் தூக்கினால் எந்தச் சதை குறையும் என்று இவொனெத்தியின் உயிரை எடுப்பாள். ஆனால் இவொனெத்தி மேல் அவளுக்கு உயிர். வேறொருத்தியிடம் போய்க் கையைத் தூக்க அவள் தயாராக இல்லை.

சனிக்கிழமை வரிசையில் இவொனெத்தியின் முறை வந்தது. காலை நீட்டி உட்கார்ந்தாள். புரொபசர் கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றினார். மர்லூசியா சந்தை வண்டியை உருட்டிக்கொண்டு நேரே முன்னால் போனாள். வண்டியில் ஒரு தர்பூசணி. அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“புரொபசர், முதல்ல இதுக்குப் பாருங்க.”

“அம்மா, இது பழம்.”

“பழந்தான். காலு எங்கன்னு நானும் தேடிப் பாத்துட்டேன். கிடைக்கல. அதனால மொத்தமாவே தேச்சிடலாம்.”

வரிசை சிரித்தது. புரொபசர் பவித்திரத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் மர்லூசியா அவருடைய பையிலிருந்து ஒரு துணியை உருவிப் பழத்தை நாலு தேய் தேய்த்து, கிண்ணத்தில் அலசிவிட்டாள்.

விழுது கரைந்தது. கருகருவென்று முடி மிதந்தது.

தர்பூசணி வழவழவென்று உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, பழத்துக்கு யார் ஆணியடித்தது என்று கேட்டாள். புரொபசர் சும்மா இருந்திருக்கலாம். பயிரிட்டவனுக்கு எதிரிகள் இருப்பார்கள் என்றார். அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எங்கள் ஊரைப் பற்றி நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

இவொனெத்தி மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய காலை மடக்கினாள். மெல்ல எழுந்து அதே பையில் கைவிட்டு இன்னொரு துணியை எடுத்தாள். எதையும் தேய்க்கவில்லை. கரும்புச்சாறு கடைக்காரரிடம் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி, துணியை அதில் போட்டாள்.

அதிலும் முடி மிதந்தது.

“இது காலையும் தொடல, பழத்தையும் தொடல புரொபசர்,” என்றாள். குரல் உயரவில்லை. “அப்ப இத்தன நாளா என் கால்ல என்ன பிடுங்குனீங்க?”

பையைக் கவிழ்த்தார்கள். கிராம்பு விழுது டப்பா ஒன்று. கத்தரிக்கோல் ஒன்று. காலணி துடைக்கிற குதிரைமுடிப் பிரஷ் ஒன்று, பாதி மொட்டையாக. எங்கள் காலிலிருந்து வந்த பொறாமையெல்லாம் ஏதோ ஒரு குதிரையின் வாலிலிருந்து வந்தது. அந்தக் குதிரைக்குக் கூட எங்கள்மேல் பொறாமை இருந்திருக்காது.

அடி எதுவும் விழவில்லை. வாங்கிய காசைப் புரொபசர் திருப்பிக் கொடுக்கும்வரை பெண்கள் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான். கொடுத்துவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தார். நடை கொஞ்சம் வேகம். தர்பூசணியை அங்கேயே அறுத்துத் தின்றோம். கிராம்பு வாசம் லேசாக அடித்தாலும் தித்தித்தது.

அன்றைக்கே இவொனெத்தி களிம்பை வாங்கிக்கொண்டு சுலெய்டி கடை வாசலில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை சுலெய்டி முடிக்க விடவில்லை.

“உள்ள வா, காலைக் காட்டு. கட்டி ஆறுற வரைக்கும் மெழுகும் கிடையாது, நாரும் கிடையாது. அதுக்கப்புறம் பிளேடைத் தொட்டேன்னு வை, என் கடைப் பக்கம் வராத.”

“முள்ளு முள்ளா நிக்குமேக்கா.”

“நிக்கட்டும். தண்ணிக்குள்ள உன் கிழவிங்களுக்குக் கண்ணா தெரியுது?”

மாத முடிவுக்கு முன்பே டாக்டரம்மா சீட்டில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை இவொனெத்தி குளக்கரையில் விசிலோடு நின்றாள். காலில் முள்முள்ளாக முடி, கட்டி ஒன்றுகூட இல்லை. மர்லூசியா முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தாள். நாங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம்.

முடி யாரும் கவனிக்காமலே வளரும், சகோதரிகளே. சந்தேகம் அப்படி வளராது. தப்பித்தவறி ஒன்று உங்களுக்குள் முளைத்தால், தயவுசெய்து அதை மட்டும் வேரோடு பிடுங்கிப் போடாதீர்கள்.