வாங்கியவர்கள் மறந்துபோன முன்னூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஏதாவது ஏறுமாறாகச் சொல்லி, கடை லைசென்ஸ் பறிபோனால் யார் பதில் சொல்வது?

எங்களுடையது கேசட் கடை. கேசட் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டு முழுக்க, வாராவாரம் இசைத் துறைக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். எந்த ஆல்பம் எத்தனை விற்றது என்று. ஊருக்கே மாதிரிக் கடை எங்களுடையதாம்; எங்கள் கணக்குதான் ஊர்க் கணக்கு. விற்றது கையை விட்டுப் போய்விட்டது, அதை எப்படி எண்ணுவது? அலமாரியில் இருந்ததை எண்ணி எழுதி அனுப்பினேன்.

'கண்ணாடிப் புயல்' என்ற ஆல்பம் ஒன்றுகூட விற்கவில்லை. அதனால் முதலிடம். முதலிடத்து ஆல்பம் தன்னிடம் இல்லை என்று கடையில் வந்து கேட்க எல்லோருக்கும் வெட்கம். அதனால் அடுத்த வாரமும் விற்கவில்லை. அடுத்த வாரமும் முதலிடம்.

போன மாதம், மேற்படிப் பத்தாண்டின் இசைப் பெருமையை முறைப்படி சரிபார்க்கும் பொருட்டு ஓர் ஆய்வாளர் வந்தார். பின்னறையைத் திறந்தார். உறை பிரிக்காமல் முன்னூற்றுப் பன்னிரண்டு புயல்கள்.

"என்னம்மா இது?"

நான் ஒரு கேசட்டை எடுத்து முந்தானையால் தூசி துடைத்தேன். "சொல்லித் தொலையேன்டி" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன்.

ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்தப் பட்டியலை நம்பி அந்தப் பாடகர் பேர்ல ஒரு தெருவே இருக்கு. எங்க துறை இயக்குநர் இதை ஆராய்ச்சி பண்ணித்தான் டாக்டர் ஆனார். கோப்பு தப்பாகாதும்மா. இதெல்லாம் வித்ததுதான். வாங்கினவங்க எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்க."

"முன்னூத்திப் பன்னெண்டு பேருமா சார்?"

"பாட்டுல அப்படி மெய்மறந்திருப்பாங்க."

உரியவர்கள் பத்து நாளுக்குள் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று கதவில் அறிவிப்பு ஒட்டினார். ஒன்று மிஞ்சினாலும் படிவம் பொய், லைசென்ஸ் ரத்து என்றார். எவன் வருவான்?

மறுநாள் காலையிலேயே கணக்கு வாத்தியார் வந்தார். "நானும் மறந்துட்டேம்மா. அப்போ எங்களுக்கு உயிரே இந்தப் பாட்டுதான்."

பிறகு வரிசை தெருமுனை வரை போனது. அந்தக் காலத்துப் பெரிய காலர் சட்டையைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "எங்க கல்யாணத்துல காலையிலேருந்து இதையேதான் போட்டோம்" என்றாள் தையல்கடைக்காரி.

"கேசட் இங்க இருந்துச்சே, அங்க எப்படிடி..." என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார்.

ஆறாம் நாளே பின்னறை காலி. அப்பாடா என்று உட்கார்ந்தேன். வாசலில் இன்னும் நாற்பது பேர்.

"எங்களோடதை இவ வித்துத் தின்னுட்டா!" என்று கூச்சல். ஆய்வாளர் ஓடிவந்து கோப்பைப் புரட்டினார். "வித்தது முன்னூத்திப் பன்னெண்டு. வாங்கினது முன்னூத்தி அம்பத்திரண்டு. நாப்பது திருட்டு. கடைக்காரம்மா, பதில் சொல்லுங்க."

"சார், இவங்க பொய் சொல்றாங்கன்னு..."

"ரசிகர்களையா சொல்றீங்க? நானே அந்த வரிசையில நிக்க வேண்டியவன்மா."

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். நானும் அந்தக் காலத்தில் ஒரு 'கண்ணாடிப் புயல்' வாங்கி வைத்திருந்தேன், என்னுடையதையும் காணவில்லை என்று புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாற்பத்தோராவது ஆளாகப் போய் வரிசையில் நின்றுகொண்டேன்.