ஆட்டுக்கும் தாத்தா உண்டு

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஊர்க்கூட்டத்தில் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுந்து பேசினேன். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கழுகுமலைப் பக்கம் கரிசல் காட்டில் எங்கள் ஊர். ஆடு வளர்ப்பு. படிப்பு ஐந்தாவதோடு சரி. (பாஸா என்று கேட்காதீர்கள்.) இது தொண்ணூறுகளில் நடந்தது. அப்போது ஊரில் என்னைவிட என் ஆடுகளுக்கு மரியாதை அதிகம்.

கன்னி இனத்து ஆடு. உடம்பெல்லாம் மினுமினுவென்று கறுப்பு. கொம்படியிலிருந்து மூக்கு வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற ஆடு அது. அதனால் கோடு சுத்தமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்குவார்கள். (மாப்பிள்ளையை அவ்வளவு பார்ப்பதில்லை.)

எங்கள் அத்தை கல்யாணத்தின்போது தாத்தா தன் மந்தையிலிருந்து சில ஆடுகளைச் சீராக அனுப்பினார். பின்னால் அந்த அத்தை மகள் பேச்சியம்மாளை நான் கட்டினேன். அவளோடு அத்தை வீட்டு மந்தையிலிருந்து ஒரு கிடா வந்தது. போன சீரே திரும்பி வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான்.

அந்தக் கிடாவுக்கும் எங்கள் வீட்டு ஆட்டுக்கும் ஒரு குட்டி பிறந்தது. கிடாக்குட்டி. முகத்தில் கோடு இல்லை.

ஈரத்தில் தெரியவில்லையோ என்று துண்டால் துடைத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய் கூடத் தடவிப் பார்த்தேன். குட்டி இன்னும் நன்றாகக் கறுத்தது.

பக்கத்துக் கொட்டில் வெள்ளத்துரை அண்ணாச்சியுடையது. அவரிடம் முழுக் கறுப்பாக ஒரு கிடா இருந்தது. பேர் அமாவாசை. வேலி தாண்டுவதில் பேர் போனது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. போய்க் கேட்டேன். என் ஆடு சினை பிடித்த சமயத்தில் அமாவாசை கால் ஒடிந்து கட்டுப் போட்டுக் கிடந்தது என்றார். ஆசை வந்தால் ஒடிந்த காலும் தாண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் கூட்டத்தில்தான் தெரிந்தது.

கூட்டம் போடச் சொன்னதே நான்தான். கலப்பு என்று பேர் வந்தால் என் ஆட்டைச் சீருக்கு யார் வாங்குவார்கள்? அமாவாசைக்குக் காயடிக்க வேண்டும், அதுவும் ஊர் பார்க்க. இதுதான் என் வழக்கு. தீர்ப்பு வந்தபின் தாமதம் ஆகக்கூடாதே என்று மாட்டு டாக்டரையும் நானே போய்க் கூட்டி வந்தேன். முதல் நாள் மழை. பஸ்ஸை விட்டு இறங்கி ஊர் வந்து சேர்வதற்குள் அவருடைய இரண்டு செருப்பிலும் கரிசல் அப்பிக்கொண்டு, ஆள் ஒரு சாண் உயரமாகிவிட்டார்.

ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. அமாவாசையைக் கட்டியிருந்தார்கள். டாக்டர் காயடிக்கிற இடுக்கியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அமாவாசை அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் எழுந்தேன். துண்டை இடுப்பில் கட்டினேன்.

"அப்பனுக்குக் கோடு இருக்கு. ஆத்தாளுக்குக் கோடு இருக்கு. குட்டிக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்? அப்பன்கிட்டயும் இல்லாம, ஆத்தாகிட்டயும் இல்லாம ஒண்ணு பிள்ளைக்கு வந்துச்சுன்னா, வேலி தாண்டி வந்துருக்குன்னுதான் அர்த்தம்."

நன்றாகப் பேசிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். நானும் திருப்பினேன்.

பெண்கள் நின்ற பக்கம் பேச்சியம்மாள். இடுப்பில் எங்கள் மகள் வேலம்மாள். என் கண் கறுப்பு. பேச்சியம்மாள் கண்ணும் கறுப்பு. வேலம்மாளுக்குப் பூனைக்கண். தேன் மாதிரி. அந்தக் கண்ணை விரித்து அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குக் காலடியில் மண் இல்லை. (கரிசல் மண் அப்படி லேசில் விடாது. அன்றைக்கு விட்டது.)

பேச்சியம்மாள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆட்டு வழக்கு முடியட்டும். அதோட, இந்தப் பிள்ளை எந்த வேலி தாண்டி வந்துச்சுன்னும் இவியளையே சொல்லச் சொல்லுங்க. அதையும் கேட்டுக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருதேன்."

(இவிய என்றால் நான்தான்.) எட்டயபுரம் பக்கம் அவள் ஆத்தா வீடு. அவள் சொன்னால் செய்கிறவள். நான் வாயைத் திறந்தேன்.

பேசியது வெள்ளத்துரை அண்ணாச்சி. என் மேல் எல்லாக் கோபமும் கொள்ள உரிமை உள்ள மனிதர்.

"ஏலே, இந்தப் பிள்ளை பிறந்தப்ப நீதான 'எங்க தாத்தா கண்ணு, எங்க தாத்தாவே வந்து பிறந்துட்டார்'னு ஊருக்கே மிட்டாய் குடுத்தியா இல்லையா? நானும்தான் வாங்கித் தின்னேன். உன் பிள்ளைக்குத் தாத்தா உண்டு. ஆட்டுக்குத் தாத்தா இருக்கக்கூடாதால?"

ரேஷன் கடைச் சுவர் அதிர்கிற மாதிரிச் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் இன்னும் பதிலுக்கு நின்றாள். சிரிப்பு பதில் ஆகாது.

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கேட்கிற கேள்வியா அது? தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுக்கிற வீடுகள். நாலு பக்கமிருந்தும் வந்தது. இரண்டு பெட்டியைக் காலி செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல குச்சி, கொளுத்தி அணைத்த குச்சி ஒன்று என்று போட்டு மூடினார்.

ஒரு பெட்டி கிடா, இன்னொன்று ஆடு என்றார். முகத்தில் கோடு விழுவதற்கு ஒவ்வொரு உயிருக்குள்ளும் இரண்டு குச்சி உண்டாம். ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தாள் கொடுத்தது. தீ பற்ற ஒரு நல்ல குச்சி போதும். அதனால் கிடாவுக்கும் கோடு விழுந்தது, ஆட்டுக்கும் விழுந்தது. எரிந்த குச்சி உள்ளே கிடப்பது வெளியே தெரியாது. தெரியாவிட்டாலும் அது அழிவதில்லை. பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும். இரண்டு எரிந்த குச்சி ஒரே உயிரில் சேருகிற அன்றைக்குத்தான் வெளியே வரும்.

"கண்ணு கணக்கு இதைவிடக் கொஞ்சம் சிக்கல். ஆனா வழி இதுதான்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்கு ஒன்றாக எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். ஒன்று நல்லது, ஒன்று எரிந்தது. உரசினேன். பற்றியது. கோடு விழுந்த குட்டி என்றார். எடுத்த பெட்டிகளில் அதே மாதிரிக் குச்சி திரும்பப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். பற்றியது. மறுபடி.

அந்த முறை கையில் வந்தது இரண்டும் கறுப்பு. உரசினேன். பற்றவில்லை. திரும்பவும் உரசினேன். கோடில்லாத அந்தக் குட்டியை நானே என் கையால் பிறக்க வைத்த மாதிரி இருந்தது. அமாவாசை அங்கே கட்டிப் போட்டபடியே நின்றது. அது ஒரு அடி நகரவில்லை.

தாத்தா மந்தையில் எரிந்த குச்சி ஒன்று கிடந்திருக்கிறது. பாதி மந்தை அத்தையோடு போனது, பாதி எங்களிடம் நின்றது. ஆடு போன வழியில்தான் நாங்களும் போயிருக்கிறோம். தாத்தா கண் அத்தைக்குள் போய்ப் பேச்சியம்மாளுக்குள் கிடந்தது. அப்பாவுக்குள் போய் எனக்குள் கிடந்தது. இத்தனை வருஷம் கண்ணாடி பார்த்துத் தலை சீவியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பேச்சியம்மாள் டாக்டரிடம் கேட்டாள். "அப்போ என் பெட்டியிலயும் கெடந்துச்சு, இவிய பெட்டியிலயும் கெடந்துச்சு. அப்படித்தான?"

"அப்படித்தாம்மா."

"அத இவியளப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். தீர்ப்பு அதுதான். அமாவாசையை அவிழ்த்துவிட்டார்கள். அது போகிற போக்கில் என் துண்டைக் கடித்து இழுத்துக்கொண்டு போனது. நான் திரும்பக் கேட்கவில்லை.

டாக்டரைப் பஸ் ஏற்றப் போகும்போது, அந்தக் குச்சியெல்லாம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எல்லா இடத்திலும் என்றார். ரத்தத்தில், தோலில், மயிர்க்காலில். கண்ணுக்கு, கொம்புக்கு, குளம்புக்கு, பாலுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் உண்டாம். எல்லாம் இழை இழையாகச் சுற்றி, வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருக்கிறதாம். கண்ணுக்கான குச்சி குளம்பிலும் கிடக்குமாம். அங்கே அது பற்றுவதில்லையாம். எங்கே பற்ற வேண்டும், எங்கே சும்மா கிடக்க வேண்டும் என்று அதற்குத் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்து கொட்டிலில் நின்றேன். ஆட்டு மயிர் ஒன்று துண்டு இல்லாத தோளில் ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. ஆடுகள் எல்லாம் கோடு போட்ட முகத்தோடு என்னைப் பார்த்து அசைபோட்டன. யாருக்குள் என்ன கிடக்கிறதோ. மேய்க்கிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மாள் ஆத்தா வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. சோறு வைப்பாள், திரும்பிக்கொள்வாள். கோடில்லாத குட்டிக்கு அவளே கழுத்தில் மணி கட்டினாள். ஒருநாள் சாயங்காலம் நான் மேய்ச்சலிலிருந்து திரும்பியதும் வாசலில் நின்று கேட்டாள்.

"தாத்தா தண்ணி குடிச்சாரா?"

எனக்கு முதலில் புரியவில்லை. குட்டியைக் காட்டினாள். குடித்தார் என்றேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கியது. அந்தக் கிடா இருந்த வரைக்கும் அதற்கு மரியாதைதான். தாத்தா முட்டினார், தாத்தா வேலி தாண்டினார். வெள்ளத்துரை அண்ணாச்சி கொட்டிலுக்குத்தான் தாண்டினார். அண்ணாச்சி கூட்டம் போடவில்லை.

வேலம்மாளைக் கோவில்பட்டியில் கொடுத்தோம். சீருக்கு ஆடும் போனது. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பையன் பிறந்தபோது சொந்தம் பூராவும் கட்டிலைச் சுற்றி நின்று, அவன் எப்போது கண் திறப்பான் என்று காத்திருந்தது. திறந்தான். கறுப்பு. நல்ல கறுப்பு.

அடடா, தாத்தா வரலையே என்றார்கள். ஆள் ஆளுக்கு என் முகத்தைப் பார்த்தார்கள், ஏதாவது சொல்லுவேனா என்று.

பேச்சியம்மாள்தான் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"எங்க போயிருவாரு? உள்ள கெடக்காரு."

நான் அந்தக் கறுப்புக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.